ஒரு தட்டு என்றால் நிறுத்து

மாமாவுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது பஸ் பயணிகள். சொந்தக்காரர்களான நாங்கள் அதைவிட மோசமான பெயர்களெல்லாம் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத முடியாது. அவர் என் அம்மாவுக்கு அண்ணன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர். டிப்போவில் வண்டி கிளம்பும்போது திறந்த வாயைக் கடைசி டிரிப் முடிந்து டிக்கெட் பையைக் கழற்றும்போதுதான் மூடுவார். அதுவும் தண்ணீர் குடிப்பதற்காக.

ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் ஆள் திடுக்கிட்டு எழுந்து வாயைத் துடைத்தால், "அண்ணே, உங்க ஸ்டாப்பிங் போன வாரமே போயிடுச்சு" என்பார். புருஷனும் பொண்டாட்டியும் சீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டால், "சீக்கிரம் முடிங்க, அடுத்த ஸ்டாப்பிங்ல இன்னொரு ஜோடி சண்டை போடக் காத்திருக்கு, சீட்டு வேணும்" என்பார். பஸ்ஸே சிரிக்கும். சண்டை போட்டவர்களும் சிரித்துவிடுவார்கள்.

இந்த ஜோக்குகளை நான் பள்ளிக்கூடத்தில் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு ஈ கூடச் சிரிக்கவில்லை. ஏனென்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஜோக்கில் பாதிதான் வார்த்தை, மீதி நேரம். அந்த ஆள் வாயைத் துடைக்கிற அந்த நொடியில் விழ வேண்டும். ஒரு மூச்சு தள்ளிச் சொன்னால் அது ஜோக் இல்லை, அறிவிப்பு.

அத்தையைப் பிடித்ததும் அதே பஸ்ஸில்தான். அத்தை அப்போது டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போய்வந்த பெண். மடியில் பையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பையின் மேல் விரல்களால் தட்டிப் பழகிக்கொண்டே வருவாள். மாமா பக்கத்தில் நின்று, "டைப்பிஸ்டம்மா, டிக்கெட்டையும் அப்படியே அடிச்சிடுங்க, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாராம். அத்தை கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாளாம். கல்யாணமாகி, பெண் பிறந்து, அந்தப் பெண்ணுக்கும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் மாமா அத்தையை டைப்பிஸ்டம்மா என்றுதான் கூப்பிட்டார்.

குரல் கரகரக்க ஆரம்பித்தபோது யாரும் கவலைப்படவில்லை. கண்டக்டருக்குத் தொண்டை கட்டாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். டிப்போவில் பத்துப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. எல்லாரும் ஒரே பாட்டிலில் இருந்து இருமல் மருந்து குடித்தார்கள். மாமாவுக்கு மட்டும் அது இருமல் இல்லை. தெரிந்தபோது குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்திருந்தது.

ஆப்பரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மைக் வைத்த சின்ன அறையில் மாமாவை உட்கார வைத்து, நிறைய வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பின்னால் அவர் எதை டைப் செய்தாலும் அவருடைய குரலிலேயே டேப்லெட் பேசும் என்றார்கள். அந்த வாக்கியங்களை மாமாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"ஏய் வாலு, இதைப் பாரு. 'இன்று வானம் மேகமூட்டமாகக் காணப்படுகிறது'. இதை நான் என் வாழ்நாள்ல யார்கிட்டடி சொல்லப்போறேன்?"

வாலு என்பது நான். அது அவர் எனக்கு வைத்த பெயர்.

"என்கிட்டச் சொல்லுங்க மாமா, நான் குடை எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

மாமா மூச்சு முட்டச் சிரித்தார். அதுதான் அவருடைய சொந்தத் தொண்டையிலிருந்து நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

ஆப்பரேஷன் முடிந்து கழுத்தில் ஒரு சின்னத் துளையோடு வந்தார். மூச்சு அதன் வழியாகத்தான் போய்வந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. காற்று வாய்க்கே போகாதபோது விசில் என்ன செய்யும். விசிலைச் சட்டையில் துடைத்து மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டார். சமையலறையில் இருந்த அத்தை பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அத்தையும் அப்படியே நினைக்க விட்டாள்.

ஆனால் டேப்லெட் அவரைக் காப்பாற்றியது. டிக்கெட் கிழித்த விரல்கள் வேகமாகப் பழகிக்கொண்டன. அச்சு அசல் அவர் குரல். கரகரப்பு வருவதற்கு முந்தைய குரல் மாதிரிகூட இருந்தது. "பத்து வயசு குறைஞ்சுட்டேன், தொண்டைக்கு மட்டும்" என்று அதிலேயே சொன்னார்.

அத்தையின் வேலையையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தபடியே டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த அறிக்கைகளைக் கேட்டு டைப் செய்து அனுப்புவாள். காதில் ஹெட்போன். காலடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு பெடல். அழுத்தினால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். "உலகத்துல எந்தப் பொம்பளைக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது, டாக்டரையே காலால நிறுத்தறா" என்பார் மாமா. பஸ்ஸில் பழகியது போலவே கண்ணை மூடிக்கொண்டு தட்டுவாள். காதில் விழுவது மூளையைத் தொடாமல் நேராக விரலுக்குப் போய்விடும். அவளுடைய கம்ப்யூட்டர் பழையது. போட்டதும் ஹெலிகாப்டர் கிளம்புவது போல இரையும்.

மேஜையில் அத்தை. பக்கத்திலேயே ஜன்னலோர நாற்காலியில் மாமா, மடியில் டேப்லெட்டோடு. அங்கிருந்து தெரு முழுவதும் தெரியும். ரெண்டு பேருக்கும் நடுவே ஒரு ஏற்பாடு இருந்தது. பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், ரெண்டு விசில் அடித்தால் கிளம்ப வேண்டும் இல்லையா? மாமா மேஜையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். அத்தை பெடலிலிருந்து காலை எடுத்து ஒரு காதை மட்டும் விடுவிப்பாள். மாமா பொத்தானை அழுத்துவார். தெருவில் போகிற யாரைப் பற்றியோ ஒரு வரி. அத்தை குலுங்குவாள். மாமா ரெண்டு தட்டு. அத்தை மறுபடி காதை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாள் முழுக்க இப்படி நின்று நின்று போகும். டவுன் பஸ் மாதிரி.

மாடியில் வீட்டுக்காரர் குடியிருந்தார். அவருக்குக் கையில் எதுவும் நிற்காது. தினமும் எதையாவது கீழே போடுவார். தலைக்கு மேலே 'டொக்' என்று கேட்டதும் அத்தையின் கால் பெடலிலிருந்து எழுந்துவிடும். மாமா நிதானமாக அழுத்துவார்: "நான் இல்ல. மாடி கண்டக்டர்."

பிறகு ஒரே மாதத்தில் ரெண்டு சாவு நடந்தது. ஹெலிகாப்டர் இரைச்சலை நிறுத்தியது, அதன் பிறகு எழவேயில்லை. டேப்லெட்டின் முதுகு உப்பிக்கொண்டு வந்தது. பேட்டரி வீங்கியிருக்கிறது, பக்கத்தில் வைத்துத் தூங்காதீர்கள் என்று கடைக்காரர் பயமுறுத்தினார்.

மாப்பிள்ளை வந்தார். அதாவது மாமா பெண்ணின் புருஷன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல மனுஷன். சிரிக்கவே தெரியாது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

"மாமா, முன்னாடியெல்லாம் டேப்லெட்டுக்கு ஒரு சிஸ்டம், கம்ப்யூட்டருக்கு ஒரு சிஸ்டம். இப்ப ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. இந்த ஸ்டாண்டுல மாட்டினா கம்ப்யூட்டர், கழட்டினா டேப்லெட். ஒரே பொருள், ரெண்டு வேலை. எதுக்கு ரெண்டு வாங்கணும்?"

மாமா வீங்கின டேப்லெட்டில் தட்டினார். "பஸ்ஸையும் கட்டிலையும் ஒண்ணாக்கினாங்க மாப்பிள்ளை. ஸ்லீப்பர் பஸ்னு பேரு வெச்சாங்க. ஏறிப் பார்த்திருக்கீங்களா? தூக்கமும் வராது, ஊரும் வராது."

மாப்பிள்ளை இதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு தீவிரமாக யோசித்தார். "இல்ல மாமா, இது அந்த மாதிரி இல்ல. ஒருத்தர் ஆபீஸ்ல கம்ப்யூட்டரா யூஸ் பண்ணுவார், வீட்டுக்கு வந்து சோபால டேப்லெட்டா யூஸ் பண்ணுவார். ஃபைல் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும்."

"ஒருத்தர்" என்று அவர் சொன்னதை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அத்தைதான், "இருக்கட்டுங்க, மேஜைலயும் இடம் மிச்சம்" என்றாள். மாமா அவளைப் பார்த்தார். பழைய கம்ப்யூட்டர் நின்றதிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. கைவிரல்கள் சும்மா இருக்க முடியாமல் சாப்பாட்டு மேஜையில் தட்டிக்கொண்டிருந்தன. மாமா அழுத்தினார்: "வாங்குங்க மாப்பிள்ளை."

வாங்கினார்கள். பழையது ரெண்டையும் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். குரலைப் புதியதற்கு மாற்றினார்கள். அதில் ஒரு விதி இருந்தது. ஒரு குரல் ஒரு கருவியில்தான் இருக்கலாம். யாராவது திருடி, அந்தக் குரலில் பேசி ஊரை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. நியாயமான விதிதான். மாமாவின் குரல் அந்தப் பெட்டிக்குள் குடியேறிக் கதவைச் சாத்திக்கொண்டது.

அழகான பொருள், பொய் சொல்லக் கூடாது. கண்ணாடி மாதிரி மெல்லியது. ஸ்டாண்டில் வைத்தால் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். அத்தைக்குப் பிடித்துவிட்டது. மாமாவுக்கும் பிடித்துவிட்டது. கஷ்டம் அங்கேதான். ரெண்டு பேருக்கும் பிடித்தது ஒன்றாக இருந்தது.

அத்தை வேலை செய்யும்போது அது கம்ப்யூட்டர். மாமா பேச வேண்டும் என்றால் அதை ஸ்டாண்டிலிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்கிய நொடியில் அது டேப்லெட்டாக மாறி, அவள் திறந்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மூடிவிடும். பெடலின் தொடர்பு அறுந்து போகும். மறுபடி மாட்டினால் டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். மாமா ஒரு வார்த்தை பேசினால் அத்தை முழு அறிக்கையையும் மறுபடி கேட்க வேண்டும்.

கலப்படமும் நடந்தது. வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டார். அத்தை அவசரமாகத் திரையைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் பாதியில் விட்ட வரி மாமா டைப் செய்யும் கட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மாமா பொத்தானை அழுத்தினார். அவருடைய கம்பீரமான குரல் சொன்னது: "நோயாளிக்கு நாள்பட்ட மலச்சிக்கல் உள்ளது."

வீட்டுக்காரர் ரொம்ப வருத்தப்பட்டார். "தண்ணி நிறைய குடிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தரையில் உருண்டேன். மாமா தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தப் புதுப்பெட்டி வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

பிறகு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். பிடுங்க வேண்டாம். அத்தை கண்ணை மூடித்தானே தட்டுகிறாள்? பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையின் ஓரத்தில் விரலால் தொட்டால் அவருடைய பேச்சுப் பெட்டி சின்னதாகத் திறக்கும். டைப் செய்து அழுத்தலாம். ஹெட்போன் மாட்டியிருப்பதால் குரல் வெளியே வராது, அத்தையின் காதுக்குள் மட்டும் கேட்கும்.

எனக்கு அது தெரியாது. அத்தை டாக்டர் பேசுவதைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டு தனியாகச் சிரிப்பாள். கன்னம் சிவக்கும். "என்ன அத்தை, டாக்டர் வழியறாரா?" என்றால், "போடி கழுதை" என்பாள். மாமா ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வாழ்நாள் முழுக்க ஒரு பஸ்ஸுக்கே கேட்கும்படி பேசியவர், இப்போது ஒரே ஒரு காதுக்குப் பேசினார்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையின் மேலதிகாரி போன் செய்தார். கண்டிப்பான அம்மாள்.

"நீங்க அனுப்பின சிறுநீரக ரிப்போர்ட்டை நான் படிக்கட்டுமா?"

"படிங்க மேடம்."

"'இடது சிறுநீரகத்தில் சிறு கல் காணப்படுகிறது. உன் காதோரம் ஒரு நரைமுடி காணப்படுகிறது, அது உனக்கு ரொம்ப அழகா இருக்கு. வலது சிறுநீரகம் இயல்பாக உள்ளது.' என்ன இது?"

காதில் விழுந்தது நேராக விரலுக்குப் போய்விட்டது. டாக்டர் மூச்சு வாங்கிய இடைவெளியில் மாமா பேசியிருக்கிறார். அத்தையின் விரலுக்கு டாக்டர் யார், புருஷன் யார் என்று தெரியவில்லை.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, "நான் படிச்சதால தப்பிச்சீங்க. டாக்டர் கையெழுத்துப் போட்டு ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தா? இன்னொரு தடவை நடந்தா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது" என்றார்.

அந்த வீட்டில் சம்பளம் என்று வந்தது அது ஒன்றுதான். மாமாவின் மாத்திரைகள் அதிலிருந்துதான் வந்தன. போனை வைத்ததும் அத்தை மாமாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரையைக் கழற்றி அவர் மடியில் வைத்து, "நீங்க பேசினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க" என்றாள்.

மாமா தட்டினார். "தெரியும். இனிமே வண்டி ஓடும்போது டிரைவர்கிட்டப் பேச மாட்டேன். போர்டே எழுதிப் போட்டிருக்கான், நான்தான் படிக்கல."

அதிலிருந்து அவர் ஓடுகிற வண்டியைத் தொடவில்லை. ஒரு தட்டுத் தட்டுவார். அத்தை, "இதோ, இந்த ரிப்போர்ட் முடிஞ்சதும்" என்று ஒரு விரலைக் காட்டுவாள். அவர் காத்திருப்பார். அவள் முடித்து, திரையைப் பிடுங்கிக் கொடுப்பாள். அதற்குள் தெருவில் அந்த ஆள் போயிருப்பான். வீட்டுக்காரர் தலைக்கு மை பூசி, மழையில் நனைந்து, கன்னமெல்லாம் கறுப்பாக வழிய வாசலில் நின்றுவிட்டுப் போனார் ஒரு நாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மாமாவின் கண்ணில் ஒன்று பளிச்சென்று எரிந்ததை நானே பார்த்தேன். விரல் மேஜைக்குப் போனது, ஒரு தட்டு. திரை அவர் கைக்கு வந்தபோது வீட்டுக்காரர் மாடியேறிக் குளித்தே முடித்திருப்பார். மாமா திரையைப் பார்த்தார். தட்டினார்.

"ஒண்ணுமில்ல."

இந்த வார்த்தைதான் அதன் பிறகு அந்தக் குரல் அதிகமாகச் சொன்ன வார்த்தை. அந்தப் பெட்டிக்குக் கற்றுக்கொள்ளும் புத்தி உண்டு. கொஞ்ச நாளில் அவர் 'ஒ' என்று தொட்டதுமே அது 'ஒண்ணுமில்ல' என்று தானாக நீட்ட ஆரம்பித்தது.

வேறு வழி பார்க்காமல் இல்லை. சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். எழுதிக் காட்டினால் மற்றவர் அதைத் தன் குரலில் படிக்கிறார், அதற்கு நான் எதற்கு என்று தள்ளிவிட்டார். டைப் செய்ததைப் பேசும் வசதி போனிலும் இருந்தது, ஆனால் அதில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் குரல். ஒரு தடவை அந்தக் குரலில், "நான் உங்கள் மாமா பேசுகிறேன்" என்று சொல்ல வைத்து என்னை ஓட வைத்தார். அப்புறம் அதையும் மூடிவிட்டார். மாப்பிள்ளையிடம் நானே போனில் கத்தினேன். அவர் பதறிப்போய், குரலை இன்னொரு தனி டேப்லெட்டுக்கும் தரச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு எழுதினார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதற்கிடையில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை நுரையீரலில். டாக்டர்கள் நிறையச் சொல்லவில்லை. அத்தை எத்தனையோ பேருக்கு டைப் செய்த வரிகள்தான், அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. மாமா மெலிந்தார். ஜன்னலோர நாற்காலியில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். இருமல் கழுத்துத் துளை வழியாக வந்தது. பேச ஆசை இருந்தது, விரலுக்குத்தான் பலம் குறைந்தது.

"நான் லீவு போட்டுடறேன்" என்றாள் அத்தை.

"போட்டுட்டு என் முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்காருவியா? அதை நீ பஸ்லயே பார்த்து முடிச்சுட்ட" என்றது பெட்டி. அவள் சிரித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். வேலை நின்றால் மாத்திரை நிற்கும் என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம். நல்ல வெயில். நான் தரையில் படுத்து, யாருடைய நோட்டையோ பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு அவசர ரிப்போர்ட் வந்திருந்தது. ஆப்பரேஷன் மேஜைக்குப் போகிற யாருக்கோ. கண்ணை மூடித் தட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அத்தையின் கால் பெடலிலிருந்து எழுந்தது. அது எப்போதும் எழும். கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைத் தூக்கினாள். "ஒரு நிமிஷம்ங்க. தியேட்டர்ல காத்திருக்காங்க. முடிச்சுட்டுத் தரேன்."

மாமா அவளைப் பார்த்தார். காதோரம் பார்த்தார் என்று நினைக்கிறேன், நரைமுடி அங்கேதான் இருந்தது. அப்புறம் தெருவைப் பார்த்தார். அப்புறம் விரலைத் தூக்கி, மெதுவாக, ரெண்டு தட்டுத் தட்டினார்.

போகலாம்.

அத்தை காலை வைத்தாள். டாக்டர் பேச ஆரம்பித்தார். விரல்கள் ஓடின. மாமா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். தூங்குகிறார் என்று நான் நினைத்து, பக்கம் திருப்பும் சத்தம் கேட்காமல் நோட்டைத் திருப்பினேன்.

அத்தை முடித்து அனுப்பினாள். ஹெட்போனைக் கழற்றினாள். திரையை 'டக்' என்று பிடுங்கி, ரெண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க. என்ன, சொல்லுங்க."

திரை வெகுநேரம் அவள் கையிலேயே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, மாப்பிள்ளை தனியாக மேஜை அருகில் நின்றார். அவர் பையில் ஒரு புது டேப்லெட் இருந்தது. கம்பெனிக்காரர்கள் பரிசீலித்து முடித்திருந்தார்கள். அவர் அதை எடுக்கவும் முடியாமல், உள்ளே வைக்கவும் முடியாமல் நின்றார். அந்த மனுஷன் அழுதபோதுதான், சிரிக்கத் தெரியாதவர்களுக்கு அழவும் சரியாகத் தெரியாது என்று கண்டுகொண்டேன். மூக்கு, வாய் எல்லாம் கோணிக்கொண்டது.

"நான்தான் அத்தை... ஒண்ணே போதும்னு..."

"அது ஒண்ணா இருந்தது தப்பில்ல மாப்பிள்ளை" என்றாள் அத்தை. "நாங்கதான் ரெண்டு பேரா இருந்துட்டோம்."

அவர் கையிலிருந்த பையை வாங்கி ஓரமாக வைத்தாள். "விடுங்க. இப்ப கணக்கு சரியாத்தானே போச்சு. ஒரு ஆளுக்கு ஒண்ணு."

மாமா அன்றைக்கு என்ன சொல்ல வந்தார் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தண்ணீர் கேட்டிருப்பார் என்கிறாள் அம்மா. வலிக்கிறது என்று சொல்லியிருப்பார் என்கிறாள் அவர் பெண், சொல்லிவிட்டு அழுகிறாள். எனக்கென்னவோ தெருவில் யாரோ போயிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பலமாகச் சிரிக்க வைக்கிற மாதிரி யாரோ. ஆனால் ரெண்டு தட்டு விழுந்துவிட்டது. விசில் கொடுத்த பிறகு எந்தக் கண்டக்டரும் வண்டியை மறுபடி நிறுத்த மாட்டார்.

குரல் இன்னும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. எதை டைப் செய்தாலும் பேசும். ஊரில் எல்லாரையும் ஏமாற்றிப் பழகிய கை என்னுடையது, அந்தப் பெட்டியில் மட்டும் எதையும் தொட்டதில்லை. நான் தட்டினால் அது அவர் குரலில் என்னுடைய ஜோக்காக இருக்கும். அவருக்கு அது பிடிக்காது. நேரம் தப்பிப்போன ஜோக் வேறு.

அத்தை வேலையை விடவில்லை. அதே மேஜை, அதே திரை, ஸ்டாண்டை விட்டு இப்போது இறங்குவதேயில்லை. பக்கத்தில் நாற்காலி. ஆணியில் விசில். கண்ணை மூடிக்கொண்டு யாருடைய கல்லீரலையோ டைப் செய்கிறாள். ரிப்போர்ட்டில் ஒரு தப்பு வருவதில்லை, அந்த மேலதிகாரி அம்மாள் பாராட்டினாராம்.

நேற்று நான் போயிருந்தபோது மாடியில் வீட்டுக்காரர் எதையோ கீழே போட்டார். டொக்.

அத்தையின் கால் பெடலிலிருந்து எழுந்தது. விரல்கள் நின்றன. கண்ணைத் திறக்காமல், ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திக்கொண்டாள்.

மாடியிலிருந்து வேறு சத்தம் எதுவும் வரவில்லை. அவள் காலை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பொறுத்து, நான் மேஜைக்குக் கீழே கையை விட்டு, யார் தட்டியது என்று தெரியாத மாதிரி, மரத்தில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு காலைக் கீழே வைத்தாள்.